கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வீட்டுக்குள் நடக்கும் கொலைகளைப் போலீஸ் எப்படிக் கணக்கெடுக்கிறது, அந்தக் கணக்கு எப்போது, எப்படி வெளியே வருகிறது என்பதுதான் விஷயம். பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: "குடும்பத் தகராறில் மனைவி கொலை" என்று பேப்பரில் பார்க்காத வாரம் இல்லை. கணவன், காதலன், முன்னாள் கணவன் கையால் ஒரு வருடத்தில் எத்தனை பெண்கள் செத்தார்கள் என்று கேட்டால் போலீஸால் ஒரு எண்ணைச் சொல்ல முடியுமா, முடியாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். – ஒரு வாசகி

பதில்: சில நாடுகளில் முடியும். பல நாடுகளில் முடியாது. இந்தியாவில் முடியாது.

உலக அளவில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து போட்ட கணக்கின்படி 2023இல் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அதில் சுமார் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தில் ஒருவரோ. நாளொன்றுக்கு 140 பேர். பல நாடுகள் அனுப்பும் கொலைக் கணக்கில் கொன்றவர் யார் என்ற விவரமே இருப்பதில்லை, விவரம் தருகிற நாடுகளை வைத்துத்தான் மற்ற இடங்களை ஊகிக்கிறார்கள், அதனால்தான் இதை மதிப்பீடு என்கிறேன்.

இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்.சி.ஆர்.பி., வருடா வருடம் தடிமனான புள்ளிவிவரத் தொகுதி வெளியிடுகிறது. 2022இல் 28,522 கொலை வழக்குகள். தகராறு காரணமாக 9,962, தனிப்பட்ட பகையால் 3,761, ஆதாயத்துக்காக 1,884 என்று நோக்கம் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வரதட்சணை மரணம் தனியாக 6,450. இறந்தவர்களின் வயது, ஆணா பெண்ணா, எல்லாம் உண்டு. கொன்றவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற அட்டவணையை மட்டும் காணோம். இதில் எரிச்சல் என்னவென்றால், அதே தொகுதியில் பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கு அந்த அட்டவணை இருக்கிறது. குடும்பத்தவரா, பக்கத்து வீட்டுக்காரரா, பிரிந்துபோன கணவரா, முன்பின் தெரியாதவரா என்று மாநிலம் மாநிலமாகப் போடுகிறார்கள். ஆக, எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். கொலைக்குச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அதுதான் நோக்கம் என்னவென்று போட்டிருக்கிறார்களே? காரணம் தெரிந்தால்தானே குற்றத்தைத் தடுக்க முடியும். உறவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? – சட்டக் கல்லூரி மாணவர்

பதில்: நோக்கம் என்பது விசாரணை அதிகாரி வந்து சேர்ந்த முடிவு, தம்பி. உறவு என்பது ரேஷன் கார்டைப் பார்த்தாலே தெரிகிற உண்மை. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

நான்கு கணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மனைவியை இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கொல்கிறான், அது 'ஆதாயம்' என்ற வரியில் போகும். இன்னொருவன் சந்தேகப்பட்டுக் கொல்கிறான், அது 'தகாத உறவு'. மூன்றாமவன் வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடு என்று அடித்து, அடி தாங்காமல் அவள் போய்விடுகிறாள், அது 'சொத்துத் தகராறு'. நான்காமவன் கேட்டதும் எழுந்து வரவில்லை என்று கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிறான், அது 'அற்பத் தகராறு'. நான்கு பேரும் செய்தது ஒரே காரியம். ஆனால் அட்டவணையில் ஒருவன் நகைத் திருடனோடும் ஒருவன் பங்காளிச் சண்டைக்காரனோடும் போய்ச் சேர்ந்துவிடுகிறான், நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நோக்கத்தைப் பெரும்பாலும் யார் சொல்கிறார்கள்? கைதானவன் சொல்கிறான். "அவள் நடத்தை சரியில்லை" என்று அவன் வாக்குமூலத்தில் சொல்வது மறுநாள் செய்தியாகி, பிறகு ஒரு வரியாகச் சுருங்கி, கடைசியில் அரசாங்கப் புத்தகத்தில் ஓர் எண்ணாக உட்கார்ந்துவிடுகிறது. மறுத்துப் பேச வேண்டியவள் உயிரோடு இல்லை.

கனடாவில் 1961 முதல் ஒவ்வொரு கொலைக்கும் போலீஸ் ஒரு படிவம் நிரப்பி மத்தியப் புள்ளிவிவரத் துறைக்கு அனுப்புகிறது, கொன்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, முன்பே குடும்ப வன்முறை இருந்ததா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் தேசியக் கொலைக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று ஓடுகிறது, போலீஸ் பதிவையும் மரண விசாரணை அதிகாரியின் பதிவையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள்.

படிவத்தில் உறவுக்கென்று ஒரு கட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யின் கொலைத் துணை அறிக்கையில் கணவன், மனைவி, முன்னாள் கணவன், முன்னாள் மனைவி, காதலன், காதலி என்றெல்லாம் குறியீடு உண்டு. முன்னாள் காதலனுக்குக் கிடையாது! பிரிந்துபோன பெண்ணைத் தேடிவந்து கொன்றவன் அந்தக் கணக்கில் சில இடங்களில் 'காதலன்' ஆனான், சில இடங்களில் வெறும் 'தெரிந்தவர்' ஆனான். அது போதாதென்று சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக் கொலைகளுக்கு உறவு 'தெரியவில்லை' என்றே வந்தது. 2021இல் பழைய முறையை ஒரேயடியாக நிறுத்திவிட்டு புதிய முறைக்கு மாறினார்கள், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் உட்பட ஏராளமான துறைகள் அதற்குத் தயாராக இல்லாததால் அந்த வருடக் கணக்கே ஓட்டை உடைசலாகிவிட்டது.

கேள்வி: வரதட்சணை மரணம் என்று தனியாக எண் வருகிறதே. குடும்ப வன்முறைக் கொலைக் கணக்கு என்று அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: கூடாது. 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி என்று நுழைந்து இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆவது பிரிவாக இருக்கும் அந்தக் குற்றத்துக்கு இரண்டு வேலிகள் உண்டு. திருமணமாகி ஏழு வருடத்துக்குள் இயற்கைக்கு மாறாக இறந்திருக்க வேண்டும், இறப்பதற்குச் சற்று முன்னால் வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும். எட்டாவது வருடம் கொல்லப்பட்டவள், வரதட்சணைப் பேச்சே இல்லாமல் குடிவெறியில் கொல்லப்பட்டவள், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவள் எல்லாரும் வேலிக்கு வெளியே.

உள்ளே இருப்பவர்களும் முழுதாக எண்ணப்படுவதில்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால் எதற்கு அதிகபட்ச தண்டனையோ அதை மட்டும் எண்ணுவது என்.சி.ஆர்.பி.யின் விதி. வரதட்சணை மரணத்தோடு கொலைப் பிரிவையும் சேர்த்துப் போட்டால் அந்த வழக்கு 'கொலை'யில் ஏறிவிடும், வரதட்சணைக் கணக்கிலிருந்து இறங்கிவிடும். எவ்வளவு கறாராக வழக்குப் போடுகிறார்களோ அவ்வளவுக்கு அந்த எண் குறையும் என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் நடப்பது அதுதான்.

கேள்வி: முப்பது வருடம் ஸ்டேஷனில் குப்பை கொட்டியவன் நான். இருக்கிற ரிஜிஸ்டரை எழுதவே ரைட்டருக்கு நேரம் போதாது. உங்களைப் போன்றவர்கள் புதிது புதிதாகக் கட்டம் போடச் சொல்வது சுலபம். – ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர்

பதில்: உங்கள் கோபம் நியாயம் ஐயா. ஆனால் இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இல்லையே. கொன்றவன் புருஷன் என்பது முதல் நாளே கேஸ் டைரியில் இருக்கிறது, பிரேத விசாரணை அறிக்கையில் இருக்கிறது, குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதை எண்ணக்கூடிய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற வேலை அது.

நீங்கள் அனுபவஸ்தர், அதனால் எங்கே ஒழுகும் என்பதையும் உங்களிடமே சொல்லலாம். முதலாவது, தேதி. சடலம் கிடைத்த அன்று கொன்றவன் யாரென்று தெரியாமல் 'தெரியவில்லை' என்று போட்டிருப்பார்கள், மூன்று மாதம் கழித்துக் கணவன் பிடிபடுவான், ஆனால் அந்தக் கட்டத்தை யாரும் திரும்பப் போய்த் திருத்துவதில்லை. அமெரிக்காவில் அத்தனை 'தெரியவில்லை' சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று மூன்று இடத்திலாவது அந்தக் கட்டம் மறுபடி திறக்க வேண்டும்.

இரண்டாவது, கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறவன். குற்றவாளி உயிரோடு இல்லை என்று கேஸை முடித்துவிடுவீர்கள், சட்டப்படி அது சரி. ஆனால் குற்றப்பத்திரிகையையோ தண்டனையையோ வைத்து யாராவது எண்ணப் புறப்பட்டால் அந்தப் பெண் கணக்கிலேயே வர மாட்டாள். துணைவரைக் கொல்பவர்களில் இப்படித் தானும் சாகிறவர்கள் மற்றக் கொலைகளைவிட மிக அதிகம் என்பதால் இது சின்ன ஓட்டை இல்லை.

மூன்றாவது, கூடச் சேர்ந்து சாகிறவர்கள். தடுக்கப் போன அம்மா, குறுக்கே நின்ற குழந்தை, அவளுடைய புதிய துணைவர், சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் போன் வந்து போன போலீஸ்காரரே. அமெரிக்காவின் 16 மாநிலங்களில் 2003 முதல் 2009 வரை நடந்த துணைவர் வன்முறைக் கொலைகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் துணைவரே இல்லை, இப்படி இடையில் மாட்டியவர்கள். 'மனைவி' என்று மட்டும் தேடினால் இவர்கள் வர மாட்டார்கள். ஸ்பெயினில் 2003 முதல் கொல்லப்பட்ட பெண்களை எண்ணுகிறார்கள், 2013 முதல் அந்த வன்முறையில் கொல்லப்பட்ட பிள்ளைகளையும் அதிகாரப்பூர்வமாக எண்ணுகிறார்கள்.

நான்காவதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. அந்தப் பெண் சாவதற்கு முன்னால் ஸ்டேஷன் படி ஏறியிருக்கிறாளா என்பதும் அதே பதிவில் வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். ஆனது மட்டும் போதாது, மனு ரசீது கொடுத்தது, கூப்பிட்டு வைத்துப் பேசி எழுதி வாங்கி அனுப்பியது, அவசர எண்ணுக்கு வந்த அழைப்பு எல்லாம். சமாதானம் பேசி முடித்த மனு குற்றப் புள்ளிவிவரத்துக்குள் போவதே இல்லை. கொலைக்கு முந்தைய கதை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

கேள்வி: என் சிநேகிதிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அடி வாங்காத மாதம் கிடையாது. போன வருடம் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று சொன்னார்கள். தற்கொலை என்று ஃபைலை மூடிவிட்டார்கள். அவள் எந்தக் கணக்கில் வருவாள்? – பெயர் வேண்டாம்

பதில்: இப்போதைக்கு 'இல்லத்தரசி' என்ற வரியில் வருவாள். என்.சி.ஆர்.பி.யின் தற்கொலைத் தொகுதியில் 2022இல் அந்த வரியில் 25,309 பெண்கள் இருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பப் பிரச்சினை' என்று இருக்கும். அடி வாங்கிய கதை எங்கேயும் இருக்காது.

இந்த விஷயத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் செய்ததைச் சொல்கிறேன். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது தொடங்கிய ஒரு திட்டத்தில் குடும்ப வன்முறையோடு தொடர்புள்ள எல்லா மரணங்களையும் எண்ண ஆரம்பித்தார்கள். கொலை மட்டுமில்லை, வன்முறைக்கு ஆளானவர் தற்கொலை செய்துகொண்டதாகச் சந்தேகப்படும் மரணங்களும் சேர்த்தி. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான கணக்கில் துணைவரோ முன்னாள் துணைவரோ கொன்றவர்கள் 80 பேர், வன்முறைக்குப் பின் தற்கொலை என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 93 பேர். எண்ணத் தொடங்கியபின் முதல் முறையாகத் தற்கொலை, கொலையை முந்தியது. அந்த 93 மரணங்களும் அதற்கு முன்பு வேறு வேறு ஃபைல்களில் மூடப்பட்டுப் போயிருக்கும்.

தற்கொலை என்று எழுதப்பட்டது எல்லாம் தற்கொலைதானா என்பது அடுத்த கேள்வி. தூக்கு, தீக்காயம், மாடியிலிருந்து விழுந்தது, குளியலறையில் வழுக்கியது இந்த நான்கும் கொலையை மறைக்க வசதியானவை. வீட்டுக்குள் நடந்தது, சாட்சி கணவன் வீட்டார் மட்டும். முதலில் போய் நிற்கும் போலீஸ்காரர் "தற்கொலை" என்று மனதில் முடிவு செய்துகொண்டால் பிறகு புகைப்படம் ஒழுங்காக எடுக்க மாட்டார்கள், பழைய காயங்களைக் கவனிக்க மாட்டார்கள், போனைக் கைப்பற்ற மாட்டார்கள். அப்புறம் நான்கு மாதம் கழித்து யார் கேட்டும் பயனில்லை.

இந்தியச் சட்டத்தில் திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகப்படும்படி இறந்தாலோ மாஜிஸ்திரேட் விசாரணை நடத்த வேண்டும், பேச்சு வழக்கில் ஆர்.டி.ஓ. விசாரணை என்கிறோமே அது. உங்கள் சிநேகிதிக்கு ஒன்பது வருடம் என்பதால் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை: குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவில் மரணக் காரணத்தில் ஐயம் இருந்தால் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது, அதற்கு வருட வரம்பு கிடையாது. 196ஆவது பிரிவின்படி மற்றச் சந்தேக மரணங்களிலும் மாஜிஸ்திரேட் விரும்பினால் விசாரிக்கலாம். தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்கு, நியாய சன்ஹிதா 108, எத்தனை வருடம் ஆனது என்ற கேள்வியே இல்லை.

அவளுடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாராவது முன்வந்தால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் நகலையும் விசாரணையை முடித்த அறிக்கையின் நகலையும் முதலில் வாங்கச் சொல்லுங்கள். அவள் உங்களுக்கு அனுப்பிய மெசேஜ், குரல் பதிவு, காயத்தின் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள், தேதி தெரியும்படி நகல் எடுத்து வையுங்கள். இதையெல்லாம் இணைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஒரு வக்கீலை வைத்து நீதிமன்றம் போகலாம். ஜெயிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் நேரில் பார்த்ததையும் அவள் உங்களிடம் சொன்னதையும் இப்போதே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள், வருடம் போகப் போக நினைவு மங்கும், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

கேள்வி: மனைவி கள்ளக்காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்வதும் தினமும் வருகிறதே. ஆண்கள் உயிர் உயிரில்லையா? அதை ஏன் யாரும் எண்ணச் சொல்வதில்லை?

பதில்: எண்ணத்தான் சொல்கிறேன். உறவு என்ற கட்டத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, கணவன் செத்தாலும் அதே கட்டம்தான் நிரம்பும். உலகில் கொல்லப்படுகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆண்கள், ஆனால் அவர்களைக் கொல்வது பெரும்பாலும் வெளியாள். 2023இல் கொல்லப்பட்ட பெண்களில் 60 சதவீதம் பேரைக் கொன்றது துணைவரும் குடும்பத்தாரும், ஆண்களில் அது சுமார் 12 சதவீதம். உங்கள் சந்தேகம் சரியா தவறா என்று பேப்பர் தலைப்பை வைத்து எத்தனை வருடம் வேண்டுமானாலும் சண்டை போடலாம், அட்டவணை இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பு வன்முறை இருந்ததா என்ற கட்டமும் சேர்ந்தால், கணவனைக் கொன்ற பெண்களில் எத்தனை பேர் அதற்கு முன் வருடக்கணக்கில் அடி வாங்கியவர்கள் என்பதும் தெரியவரும்.

கேள்வி: செத்தவள் செத்தவள்தான். எண்ணி என்ன ஆகப் போகிறது?

பதில்: ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள், ஒரு வரியில் பதில் இல்லை.

கழுத்தை நெரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காயம் பெரும்பாலும் வெளியே தெரியாது, அதனால் ஸ்டேஷனில் அறைந்த அளவுக்குக்கூட மதிப்பில்லாமல் சாதாரண அடிதடியாகப் போய்விடும். அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளையும் வன்முறைக்கு ஆளாகி உயிரோடிருக்கும் பெண்களின் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்பு ஒரு முறையாவது துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளியானது. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, பிரிந்து போக முடிவெடுத்த காலம், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த ஆபத்துக் கேள்விகளைத்தான் மேரிலாந்து மாநிலத்தில் 2005 முதல் சம்பவ இடத்துக்குப் போகும் போலீஸ்காரர்கள் 11 கேள்விகளாகச் சுருக்கிக் கேட்கிறார்கள், பதில் மோசமாக இருந்தால் அங்கேயே நின்று உதவி மையத்துக்குப் போன் போடுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் கழுத்து நெரித்தல் 2022 ஜூன் முதல் தனிக் குற்றம்.

ஸ்பெயினில் கொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும், முன்பு புகார் கொடுத்திருந்தாரா என்று அரசே வெளியிடுகிறது. பெரும்பாலோர் கொடுத்திருக்கவில்லை. இதை எண்ணாமல் இருந்திருந்தால் "புகார் கொடுத்தும் போலீஸ் காப்பாற்றவில்லை" என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருப்போம், சில வழக்குகளில் அது உண்மையும்கூட, ஆனால் ஸ்டேஷன் பக்கமே வராத பெண்கள்தான் அதிகம் என்பது வேறு பிரச்சினை, அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸில் 2011 முதல் 16 வயதுக்கு மேற்பட்டவர் குடும்ப வன்முறையில் கொல்லப்பட்டால் ஒரு மறுஆய்வு நடத்துவது சட்டப்படி கட்டாயம். யாரைத் தண்டிப்பது என்று அதில் பார்ப்பதில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. அந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள், டாக்டர் கேட்டாரா, பள்ளிக்கூடத்துக்குத் தெரியுமா, போலீஸ் எத்தனை முறை போனது என்று கடைசி வருடங்களைத் திரும்ப நடந்து பார்க்கிறார்கள், பெயரை மாற்றி அறிக்கையை வெளியிடுகிறார்கள். படித்தால் வயிறு கலங்கும், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்.

நடுவில் ஒன்று. இதைப் படிக்கும் யாரையாவது வீட்டில் கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தால், வலி போய்விட்டது என்று விடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள், நெரித்தார் என்று வாய்விட்டுச் சொல்லி எழுத வையுங்கள். உள்காயம் தாமதமாகத்தான் வேலையைக் காட்டும். இந்தியாவில் 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண்.

கேள்வி: கொன்றவரே போலீஸ்காரராக இருந்தால் யார் எண்ணுவது?

பதில்: அவருடைய ஸ்டேஷன் எண்ணக் கூடாது, விசாரிக்கவும் கூடாது. பிரிட்டனில் போலீஸ்காரர்களின் மனைவிகளும் துணைவிகளும் கொடுத்த புகார்களை அதே துறை எப்படிக் கையாள்கிறது என்று 2020இல் ஒரு மகளிர் சட்ட உதவி அமைப்பு கண்காணிப்பு ஆணையங்களிடம் பெரிய முறையீடு கொடுத்தது, சொந்தத் துறை ஆள் மீது புகார் வந்தால் துறை ஒழுங்காக விசாரிப்பதில்லை என்பதுதான் அதன் சாரம். குற்றம் சாட்டப்பட்டவர் சீருடைப் பணியாளரா என்று பதிவில் ஒரு கட்டம் இருந்தாலே பாதி வேலை முடியும்.

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் எண்ணலாம் என்று இருக்கிறோம். போலீஸ் கொடுக்காத கணக்கை நாமே போட முடியுமா? எங்கே ஆரம்பிப்பது? – தன்னார்வலர்கள் சார்பில்

பதில்: முடியும். பிரிட்டனில் கேரன் இங்காலா ஸ்மித் என்ற பெண் 2012 ஜனவரியில் கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களைத் தனியாளாகச் சேகரிக்கத் தொடங்கினார், அது பிறகு கிளாரிசா ஓ'கலகனோடு சேர்ந்து பெண் கொலைக் கணக்கெடுப்பு என்ற முழுத் தரவுத்தளமாக வளர்ந்தது. போலீஸ் துறைகளுக்குத் தகவல் கேட்டு எழுதி எழுதி வாங்கினார்கள்.

முதல் கூட்டத்திலேயே யாரை எண்ணுவது என்று எழுதி வைத்துவிடுங்கள். முன்னாள் காதலன் சேர்த்தியா, மாமியார் சேர்த்தியா, சந்தேகத் தற்கொலை தனிப் பட்டியலா என்று பாதியில் மாற்றினால் போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட முடியாது. ஒரு வரிக்கு ஓர் இறந்தவர், ஒரு வழக்கு இல்லை. ஒரே எஃப்.ஐ.ஆரில் மூன்று பேர் இருக்கலாம்.

பேப்பர் செய்தி ஆரம்பம் மட்டும்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் "துணைவரால் கொல்லப்பட்ட பெண்கள் எத்தனை" என்று கேட்டால் அப்படியொரு தொகுப்பு இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்குப் பதிலாக, கொலை, வரதட்சணை மரணம், தற்கொலைக்குத் தூண்டுதல் ஆகிய பிரிவுகளில் ஸ்டேஷன் வாரியாக எஃப்.ஐ.ஆர். எண்ணும் தேதியும் கேளுங்கள், அது ரிஜிஸ்டரில் இருக்கிற விஷயம், இல்லை என்று சொல்ல முடியாது. நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முந்தைய சம்பவங்களுக்குப் பழைய பிரிவு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள். எண் கிடைத்தால், உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி உணர்வுப்பூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும், அதிலேயே பல நேரம் உறவு தெரிந்துவிடும். பிறகு நீதிமன்ற இணையதளத்தில் வழக்கைத் தொடர்ந்து பாருங்கள், விடுதலையானால் அதையும் அதே வரியில் பதியுங்கள், குற்றவாளி என்று நீங்கள் எழுதியிருந்தால் திருத்துங்கள்.

அரசுத் தொகுதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2023க்கான என்.சி.ஆர்.பி. தொகுதி 2025 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் கணக்கை வெளியிடுங்கள், ஒரு பிரதி கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் போகட்டும், தவறென்றால் அவர்கள் தரப்புக் கணக்கைக் காட்டித் திருத்தட்டும். வெளியிடும்போது பெயர், தெரு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் அம்மாவைப் பற்றித் தேடுவார்கள். மூலப் பட்டியலைப் பூட்டி வையுங்கள், சாவி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும்.